உங்களுக்குத் தெரியுமா? மலைக்குப் பின்னால் ஒரு குட்டி ரயில் நிலையம்

மொன்றியலில் கனோரா நிலையத்தில் ஏறி நகர மையம் நோக்கிப் புறப்பட்டால், ரயில் உடனே மலைக்குள் நுழைந்துவிடும். மவுண்ட் ரோயல் மலையைக் குடைந்த, சுமார் 5 கிலோமீட்டர் நீளச் சுரங்கத்தின் வடக்கு வாசல் இதன் அருகில்தான் இருக்கிறது.

அந்தச் சுரங்கத்துக்குப் பணம் திரட்டப் போட்ட திட்டம் தெரியுமா? கனடியன் நார்தர்ன் ரயில்வே மொன்றியலுக்குப் பிந்தி வந்த கம்பெனி. நல்ல வழிகளையெல்லாம் போட்டிக் கம்பெனிகள் முன்பே பிடித்துவிட்டன. எனவே மலைக்குப் பின்னால் இருந்த விவசாய நிலங்களை வாங்கி, அங்கே ஒரு புது ஊர் அமைத்து மனை விற்று, அந்தக் காசில் மலையைக் குடைவது என்று முடிவெடுத்தார்கள். ஃபிரெடெரிக் டாட் என்ற நிலவடிவமைப்பாளர் வரைபடம் போட்டார். 1912-இல் மவுண்ட் ரோயல் நகரம் பிறந்தது. அதன் பெருவீதிகள் இன்றும் ஊர் நடுவிலுள்ள ரயில் நிலையத்தை நோக்கித்தான் வருகின்றன. ரயிலுக்காக ஊரா, ஊருக்காக ரயிலா என்று இங்கே பிரித்துச் சொல்ல முடியாது.

அதே 1912-இல் தோண்டத் தொடங்கினார்கள். 1913 டிசம்பர் 10 அன்று இரு பக்கமிருந்தும் குடைந்து வந்தவர்கள் மலைக்கடியில் சந்தித்தபோது, விலகல் ஏறக்குறைய ஒரு அங்குலம்தான்! லேசரும் கணினியும் இல்லாத காலம். அந்த நில அளவையாளர்களை நினைத்தால் கைகூப்பத் தோன்றுகிறது.

போர் குறுக்கிட்டது. முதல் பயணிகள் ரயில் ஓடியது 1918 அக்டோபர் 21-இல். அதற்குள் கம்பெனி கடனில் மூழ்கி அரசின் கைக்குப் போய்விட்டது. ஆனாலும் பெயர் தப்பிவிட்டது: கனடியன், நார்தர்ன், ரயில்வே என்ற மூன்று சொற்களின் தொடக்க எழுத்துகளைச் சேர்த்ததுதான் ‘கனோரா’. சஸ்காச்செவன் மாகாணத்தில் ஓர் ஊருக்கும் இதே பெயர்.

முதல் நாளிலிருந்தே இந்தச் சுரங்கத்தில் ஓடியது மின்சார ரயில்! நீராவி எஞ்சின் விட்டால் அவ்வளவு நீளச் சுரங்கத்தில் புகை மூச்சை அடைத்துவிடும் என்பதே காரணம். ஒப்பிட்டுப் பாருங்கள்: சென்னை கடற்கரை - தாம்பரம் பாதையில் மின்சார ரயில் வந்தது 1931-இல். இன்னொரு ஆச்சரியம், இங்கே தொடக்கத்தில் வந்த ஜெனரல் எலக்ட்ரிக் எஞ்சின்கள் 1995 வரை, அதாவது 77 ஆண்டுகள் உழைத்தன. அவற்றில் ஒன்றை செயின்ட்-கொன்ஸ்டானில் உள்ள எக்ஸ்போரெயில் அருங்காட்சியகத்தில் பார்க்கலாம். பிள்ளைகளைக் கட்டாயம் கூட்டிப் போங்கள்.

1988-இல் எடுவார்-மோன்பெத்தி மெட்ரோ நிலையம் திறந்தபோது, அதற்கு நேர் கீழே இந்தச் சுரங்கம் இருந்தது. ரயில் ஓடியது, நிற்கவில்லை. மேலே இருப்பவர் கீழே இறங்க வழியே கிடையாது. இப்போது சுமார் 70 மீட்டர் ஆழத்தில் அங்கேயும் நிலையம் வந்து, லிஃப்டில் இறங்கி மாறிக்கொள்ளலாம்.

2020 கோடையில் பழைய சுரங்கத்தைப் புதுப்பித்தபோது எதிர்பாராத வெடிப்பு ஒன்று நிகழ்ந்தது. நூறாண்டுக்கு முன் தோண்டியவர்கள் விட்டுப்போன வெடிமருந்து! வேலை தாமதமானதற்கு இதுவும் ஒரு காரணம். 2020 முடிவில், இந்தச் சுரங்கம் வழியாகச் சென்ற டூ-மொன்தாஞ் ரயில் பாதை முழுவதும் நின்றது. ரெம் என்ற தானியங்கி ரயிலாக அது திரும்பியது 2025 நவம்பர் 17-இல். ஐந்து குளிர்காலங்கள் மக்களை பஸ்ஸுக்காகப் பனியில் நிற்க வைத்தது சிறிய விஷயமே அல்ல. அடுத்த முறை எந்தப் பாதையை மூடினாலும், மாற்று வசதியை முதலில் தயார்செய்த பிறகே மூட வேண்டும்.

இன்று கனோராவில் ஓட்டுநர் இல்லாத ரயில், பிளாட்ஃபார்ம் ஓரத்தில் தானாகத் திறக்கும் கண்ணாடிக் கதவுகள், லிஃப்ட் எல்லாம் உண்டு. தள்ளுவண்டியில் குழந்தையுடன் வரும் தாய்க்கும், முட்டுவலிக்கார அம்மம்மாவுக்கும் அந்த லிஃப்ட்தான் பெரிய வரம்.

எண்பதுகள் முதல் ஈழத்தமிழர் குடியேறிய கோட்-டெ-நேஜ் இந்த நிலையத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. வாசலில் ஓடும் ஜான்-தலோன் தெருவில் கிழக்கே போனால் பார்க் எக்ஸ்டென்ஷன். அதையும் தாண்டி அதே தெருவில் துர்க்கையம்மன் கோயில்.