உன் எடை என்ன... அதைச் சொல்லு முதல்ல!

மாமல்லபுரம் போய்விட்டு, வெண்ணெய் உருண்டைப் பாறையைத் தாங்கிப் பிடிக்கிற மாதிரி போட்டோ எடுத்துக்கொள்ளாதவர் உண்டா? சுமார் 250 டன் என்கிறார்கள். போட்டோவில் எல்லோரும் பீமன்தான்!

அதே வீராப்போடு செங்கல்பட்டில் ஜிம்முக்குள் நுழையும்போதுதான் வம்பு. உங்கள் பையன் சேர்ந்து மூன்று மாதம் ஆகியிருக்கும். "ஒருத்தன் 115 கிலோ வச்சு ஸ்க்வாட் போடறாம்மா... நான் இன்னும் 60-லயே நிக்கறேன்" என்று முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வருவான். அடுத்த வாரமே தட்டுகளைக் கூடுதலாக மாட்டி, முதுகு வளைந்தபடி எழுந்திருக்கப் பார்ப்பான். இடுப்புப் பிடிப்பு இப்படித்தான் ஆரம்பிக்கிறது.

ஸ்க்வாட் என்றதும் மிரளாதீர்கள். நம்ம தாத்தாக்கள் போட்ட பஸ்கிதான். தோளில் ஒரு இரும்புக் கம்பி கூடுதல்.

பையனிடம் இரண்டே கேள்வி கேளுங்கள். அந்த ஆள் எடை என்ன? எத்தனை வருஷமாகப் பயிற்சி செய்கிறான்?

பயிற்சியாளர்களிடம் ஒரு உத்தேசக் கணக்கு உண்டு. புதிதாகச் சேர்ந்த ஆண், முதல் சில மாதங்களில் தன் எடையில் முக்கால் பங்கு வைத்து எழுந்தாலே போதும். ஓரிரு வருஷம் ஒழுங்காகப் போனவர் ஒன்றேகாலிலிருந்து ஒன்றரை மடங்கு. இரண்டு மடங்கு என்பது பல வருஷ உழைப்பு. பெண்களுக்கு இதே வரிசையில் அரைப் பங்கு, ஒரு மடங்கு, ஒன்றரை மடங்கு. கம்பியே 20 கிலோ இருக்கும். அதையும் சேர்த்துத்தான் கணக்கு. உங்கள் பையன் 60 கிலோ ஆசாமி என்றால், மூன்று மாதத்தில் 60 கிலோ... சபாஷ் சொல்லுங்கள்!

இன்னொரு சூட்சுமமும் இருக்கிறது. தசையின் பலம் அதன் தடிமனைப் பொறுத்தது. உடம்பு பெருக்கும்போது எடை ஏறுகிற வேகத்துக்குப் பலம் ஏறாது. 60 கிலோக்காரர் 90 கிலோ தூக்குவதும், 90 கிலோக்காரர் 118 கிலோ தூக்குவதும் ஏறக்குறைய ஒரே சாமர்த்தியம்தான். அந்த 115 கிலோ வீரர் 90 கிலோ எடை என்றால், மலைக்க என்ன இருக்கிறது? பளுதூக்கும் போட்டியில் எடைப் பிரிவு வைத்திருப்பதே இதனால்தான். வேலூர் சதீஷ் சிவலிங்கம் 2014 கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் தங்கம் வென்றது 77 கிலோ பிரிவில். கிளீன் அண்ட் ஜெர்க்கில் மட்டும் 179 கிலோ. அடேங்கப்பா, தன் எடையைப் போல் இரண்டேகால் மடங்குக்கும் மேலே!

தொடை முழங்காலுக்குக் கீழே இறங்காமல் அரைகுறையாக மடக்கி எழுந்தால் அது கணக்கில் சேராது. (கொக்கிலமேடு கரையில் மணலில் படகு தள்ளுகிறவரிடம் போய் "உங்க ஸ்க்வாட் எத்தனை கிலோ?" என்று கேட்டால் சிரிப்பார்!)

ஒரே மூச்சில் அதிகபட்ச எடையைப் பரிசோதித்துப் பார்க்கும் விஷப்பரீட்சை வேண்டாம். 60 கிலோவை ஒழுங்காக 5 முறை தூக்க முடிகிறதா? 60-ஐ 5-ஆல் பெருக்கி 30-ஆல் வகுங்கள். வருகிற 10-ஐ 60-உடன் கூட்டினால் 70. அதுதான் அவனுடைய உச்சம், ஏறத்தாழ.

அப்படியே உங்களையும் பார்த்துவிடுங்களேன். கைகளை நெஞ்சில் குறுக்கே வைத்துக்கொண்டு, நாற்காலியிலிருந்து 30 விநாடியில் எத்தனை முறை எழுந்து உட்கார முடிகிறது? 60-லிருந்து 64 வயதுக்குள் இருக்கும் ஆண்களுக்கு 14-க்கும், பெண்களுக்கு 12-க்கும் குறைந்தால் கால் பலம் போதவில்லை. டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு, நாற்காலியைப் பிடித்தபடியே தினமும் நாலு பஸ்கி போட ஆரம்பிக்கலாம்.