பல்லுயிர்வளத்தை அளத்தல்: நீலகிரிப் புல்வெளிகளை முன்வைத்து

திறவுச்சொற்கள்: பல்லுயிர்வளம், இனச்செழுமை, சமப்பரவல், பீட்டா வளம், ஓரிடவாழ் இனங்கள், சோலை, புல்வெளி.

முன்னுரை

ஒரு நிலப்பரப்பைக் காக்க முற்படும்போது, அதில் காக்கத்தக்கது எவ்வளவு உள்ளது என்னும் வினா முதலில் எழுகிறது. 1992ஆம் ஆண்டு ரியோ மாநாட்டில் கையொப்பத்திற்கு வைக்கப்பட்ட உயிரியல் பன்முகத்தன்மை உடன்படிக்கை, இனங்களுக்குள் காணும் வேறுபாடு, இனங்களுக்கு இடையிலான வேறுபாடு, சூழல்மண்டலங்களின் வேறுபாடு ஆகிய மூன்றையும் பல்லுயிர்வளத்துள் அடக்கியது. இம்மூன்றையும் ஒரே எண்ணில் காட்டவல்ல அளவுகோல் இல்லை. ஆதலின் எதை எண்ணுகிறோம் என்பது எதைக் காக்கிறோம் என்பதைப் பெரிதும் தீர்மானித்துவிடுகிறது. நீலகிரியின் உயர்மலைப் புல்வெளிகள் இதற்குத் தக்க சான்று.

எண்ணிக்கையும் பரவலும்

அளவுகளுள் எளியது இனச்செழுமை, அதாவது ஓரிடத்திலுள்ள இனங்களின் எண்ணிக்கை. எளிமையே அதன் குறை. 100 செடிகள் கொண்ட இரு நிலத்துண்டுகளைக் கற்பனை செய்துகொள்வோம். முதலாவதில் ஐந்து இனங்கள், இனத்திற்கு 20 செடிகள். இரண்டாவதிலும் ஐந்து இனங்களே. ஆனால் ஓரினம் 96 செடிகளைக் கொண்டிருக்க, ஏனைய நான்கும் ஒவ்வொன்றாகவே உள்ளன. இனச்செழுமை இரண்டிற்கும் ஒன்றே. ஷானன் 1948இல் தகவல் கோட்பாட்டிற்காக வகுத்த சூத்திரத்தை இங்குப் பயன்படுத்தினால், முதல் துண்டிற்கு 1.61 எனவும் இரண்டாவதற்கு 0.22 எனவும் மதிப்புகள் கிடைக்கின்றன. இவற்றைப் ‘பயனுறு இன எண்ணிக்கை’யாக மாற்றினால், முதலாவது ஐந்து இனங்களுக்கும் இரண்டாவது ஏறத்தாழ 1.25 இனங்களுக்கும் நிகராகும். அயல்மரம் ஒன்று படர்ந்து மூடிய நிலம் இரண்டாவது துண்டைப் போன்றது.

கண்ணிற்படாத இனங்கள் தனிச் சிக்கல். ஆன் சாவ் 1984இல் முன்வைத்த மதிப்பீட்டு முறை, ஒருமுறை மட்டும் காணப்பட்ட இனங்களையும் இருமுறை காணப்பட்டவற்றையும் கொண்டு எஞ்சியவற்றைக் கணிக்கிறது. களத்தில் 40 இனங்கள் பதிவாகி, அவற்றுள் 10 ஒருமுறையும் 5 இருமுறையும் காணப்பட்டிருப்பின், அங்குக் குறைந்தது 50 இனங்களேனும் இருக்கலாம் என்பது அதன் கணிப்பு.

இடங்களுக்கு இடையிலான வேறுபாடு

நீலகிரியைப் பொறுத்தவரை இன்றியமையாத அளவு வேறொன்று. விட்டேக்கர் 1960இல் ஓரிடத்தின் வளத்தை ஆல்பா எனவும், இடத்திற்கிடம் இனக்கூட்டம் மாறும் அளவைப் பீட்டா எனவும், முழு நிலப்பரப்பின் வளத்தைக் காமா எனவும் பிரித்தார். பள்ளத்தாக்கு மடிப்பில் சோலை, அதன் விளிம்பிலேயே திறந்த புல்வெளி என்னும் அமைப்பில் சில அடித் தொலைவில் இனக்கூட்டம் முற்றிலும் மாறிவிடுகிறது. மரத்தையும் பறவையையும் விலங்கையும் திணைவாரியாகப் பகுத்த தமிழ்க் கருப்பொருள் மரபை இவ்விடத்து நினைவுகூரலாம். எனினும் அதனைப் பண்டைய பீட்டா அளவீடு என்பது மிகையாகும்.

19ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் கொணர்ந்த தைலமரமும் வாட்டிலும், விடுதலைக்குப் பின்னரும் தொடர்ந்த தோட்டப் பயிரிடலால் இப்புல்வெளிகளில் பரவின. வாட்டில் நுழையும் தொடக்கநிலையில் ஆல்பா வளம் குறையாது. நிழல் நாடும் செடிகளும் மரம்வாழ் பறவைகளும் வந்துசேர்வதால் கூடவும் செய்யலாம். ஆனால் அவ்வாறு வருபவை பிற இடங்களிலும் காணப்படுபவை. வெளியேறும் நீலகிரி நெட்டைக்காலியோ மேற்குத் தொடர்ச்சி மலையின் உயர்மலைப் புல்வெளிக்கே உரிய பறவை. வரையாடும் இம்மலைத்தொடரின் புல்வெளி சார்ந்த பாறைச்சரிவுகளிலன்றி இயற்கையில் வேறெங்கும் வாழ்வதில்லை. மொத்த எண்ணிக்கையில் ஒன்று கூடி ஒன்று குறைவதாகத் தோன்றுவது, ஓரிடவாழ் இனங்களைத் தனித்துக் கணக்கிடும்போது பேரிழப்பாகத் தெரிகிறது.

காட்டுப்பரப்புக் கணக்கு

இந்திய வன நில அளவை நிறுவனத்தின் வரையறைப்படி, ஒரு ஹெக்டேருக்குக் குறையாத பரப்பில் மரக்கவிகை 10 விழுக்காடோ அதற்கு மேலோ இருப்பின், மரம் எவ்வினமாயினும் அது காட்டுப்பரப்பே. இவ்வளவுகோலின்படி வாட்டில் தோட்டம் காடு. தொன்மையான புல்வெளி காடன்று. காடழிந்து உருவானதே புல்வெளி என்னும் கருத்தும் ஏற்கத்தக்கதன்று. நீலகிரிக் கரிமச் சேற்றுப் படிவுகளின் கரிம ஓரிடத்தான் ஆய்வு, ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன்பே அங்குப் புல்வகைகள் மேலோங்கியிருந்தமையைக் காட்டுகிறது.

இதன் விளைவு நடைமுறையில் கடுமையானது. வாட்டில் அகற்றப்பட்டுப் புல் மீளும் நிலம், காட்டுப்பரப்புக் கணக்கில் இழப்பாகப் பதிவாகும். மீட்புப் பணியின் பயனை மதிப்பிட நாட்டுப்புல் இனங்களின் பரப்பு, நெட்டைக்காலி இணைகளின் எண்ணிக்கை, வரையாட்டு மந்தைகளின் நடமாட்டம் ஆகியன தனியே பதிவு செய்யப்படுதல் வேண்டும். மரம் வெட்டத் தொடங்குமுன் முதற்கணக்கு எடுக்கப்படாவிடின், பின்னர் எடுக்கும் எக்கணக்கையும் ஒப்பிட அடிப்படை இராது.