பெருங்காயம்: பெயரும் சமையற்பயன்பாடும் – விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்தை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

பெருங்காயம் தமிழ் மண்ணில் விளையாத பொருள். எனினும் அதன் தமிழ்ப்பெயர் அயற்பொருள் என்னும் குறிப்பைத் தாங்கவில்லை. இப்பெயரமைப்பையும், திண்டிவனம் வட்டாரச் சமையற் சூழலில் அப்பொருள் பெறும் இடத்தையும், கூட்டுப் பெருங்காயத்தால் எழும் அளவுச் சிக்கலையும் இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: பெருங்காயம், காயம், தாளிதம், சமண உணவு நெறி, கூட்டுப் பெருங்காயம்.

முன்னுரை

ஈரான், ஆப்கானிஸ்தான் முதலிய நாடுகளில் வளரும் ஒருவகைச் செடியின் வேரைக் கீறும்போது வடியும் பால் உறைந்து பெருங்காயமாகிறது. இந்தியா நெடுங்காலமாக இதனை இறக்குமதி செய்தே வந்துள்ளது. இமாசலப் பிரதேசத்தின் லாகௌல் பள்ளத்தாக்கில் 2020 அக்டோபரில்தான் பாலம்பூர் ஆய்வு நிறுவனத்தின் முயற்சியால் இச்செடி பயிரிடப்பட்டது.

பெயரும் பகுப்பும்

வடமொழியில் இதற்கு வழங்கும் பாஹ்லீகம், ராமடம் ஆகிய பெயர்கள் நாட்டுப்பெயர்களின் அடியாகப் பிறந்தவை. தமிழ்ப்பெயரோ சுவையின் அடியாக அமைந்தது. காயம் என்பது உறைப்பையும் கறிக்கு உறைப்பூட்டும் சரக்கையும் குறிக்கும். வெங்காயம், பெருங்காயம் ஆகிய இரண்டும் இவ்வொரு சொல்லில் இணைகின்றன. இவற்றின் நெடிக்குக் கந்தகச் சேர்மங்களே காரணம் என்பது இன்றைய வேதியியல் முடிவு. நாவும் மூக்கும் கண்ட ஒற்றுமையைத் தமிழ்ப்பெயர் முன்னரே பதிவு செய்துள்ளது எனலாம்.

வட்டாரச் சமையற் சூழல்

திண்டிவனத்தை அடுத்த மேல்சித்தாமூரில் தமிழ்ச் சமணரின் ஜினகாஞ்சி மடம் உள்ளது. வெங்காயம், பூண்டு ஆகியவற்றை விலக்குவது சமண உணவு நெறி. அவ்வாறு ஒரு காயம் விலக்கப்படும் சமையலில் மற்றொரு காயம் அதன் இடத்தை நிரப்புகிறது.

பெருங்காயத்தின் பச்சை நெடி சூடான எண்ணெயில் பொரியும்போது தணிந்து மணமாகிறது. எண்ணெயே அம்மணத்தைக் கறி முழுவதும் கொண்டு செல்கிறது. விழுப்புரம் வட்டாரம் மல்லாட்டை எனப்படும் நிலக்கடலைக்குப் பெயர்பெற்றது. திண்டிவனம் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட நிலக்கடலை, எள் இரகங்கள் டி.எம்.வி. என்னும் பெயரால் அறியப்படுகின்றன. அயல்நாட்டுப் பிசினின் மணம் உள்ளூர் எண்ணெயிலேயே விரிகிறது.

பருப்பும் பயறும் மிகுந்த உணவால் தோன்றும் வயிற்று உப்புசத்திற்கும் பெருங்காயம் பயன்படுகிறது. சுக்கு, மிளகு, திப்பிலி, ஓமம், சீரகம், கருஞ்சீரகம், இந்துப்பு ஆகியவற்றோடு இதுவும் சேர்ந்ததே அட்ட சூரணம்.

கூட்டுப் பெருங்காயமும் அளவுச் சிக்கலும்

கடைகளில் பெரும்பாலும் கிடைப்பது தூய பிசின் அன்று; மாவும் உண்ணத்தகு பிசினும் கலந்த கூட்டுப் பெருங்காயமே. இதில் சாராயத்தில் கரையும் பகுதி 5 விழுக்காட்டிற்குக் குறையாதிருக்க வேண்டும் என்பது இந்திய உணவுத்தர விதி. இதனால் இரு விளைவுகள் எழுகின்றன. ஒன்று, கோதுமை ஒவ்வாதோர் மாவின் வகையை உறையில் பார்த்தே வாங்க வேண்டியுள்ளது. மற்றொன்று, சமையற்குறிப்பில் ‘மிளகளவு’, ‘சுண்டைக்காயளவு’ என வரும் அளவுகள் பொருளின் வகைக்கேற்ப வேறுபடும். பாற்காயத்திற்குச் சொன்ன அளவைக் கூட்டுத்தூளுக்குப் பொருத்தினால் மணம் குன்றும்; மாற்றிப் பொருத்தினால் கைப்பு மிகும்.

முடிவுரை

அயற்பொருளைத் தன் சுவைப்பகுப்பில் வைத்துப் பெயரிட்டு ஏற்றுக்கொண்ட தமிழ் மரபிற்குப் பெருங்காயம் தக்க சான்று. சமையற்குறிப்புகளைத் தொகுப்போரும் பதிப்பிப்போரும் அளவோடு நில்லாது, கட்டியா, தூளா, பாற்காயமா என்பதையும் பதிவு செய்தல் வேண்டும். அப்பதிவு இல்லாத இடத்து, சொல் நிலைத்திருப்பினும் சுவை வரலாறு மறைந்துவிடும்.