சும்மா இருக்கும்போது ஏன் சுடுகிறது?

"அண்ணே, ஒண்ணுமே பண்ணல. தொறந்து வெச்சிட்டு அப்படியே விட்டேன். கொஞ்ச நேரம் கழிச்சுத் தொட்டா கொதிக்குது. நேத்து வரைக்கும் நல்லாத்தான் இருந்துச்சு."

மரக்காணத்தில், கிழக்குக் கடற்கரைச் சாலையோர டீக்கடையில் ஒரு கல்லூரித் தம்பி கேட்டது. உப்பளத்தில் வெயிலில் நின்று சேர்த்த காசில் வீட்டார் வாங்கிக் கொடுத்த லேப்டாப். கடையில் கொடுத்தால் எவ்வளவு கேட்பார்களோ என்ற கவலை அவருக்கு. டீ ஆறுவதற்குள் பாதிக் காரணத்தையாவது கண்டுபிடித்துவிடலாம் என்றேன். அவருக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரிவாகவே இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. பிராசசருக்குள் போகும் மின்சாரம் முழுவதும் கடைசியில் சூடாகத்தான் வெளியே வரும். சாதாரண லேப்டாப்பின் பிராசசர் தொடர்ந்து வேலை செய்யும்போது ஏறத்தாழ 15 வாட் எடுக்கும். கொஞ்ச நேரத்துக்கு அதைப்போல் இரண்டு மடங்குக்கு மேலும் எடுக்கும். வேலை இல்லாதபோது தன் பெரும்பகுதியை அணைத்துக்கொண்டு ஒன்றிரண்டு வாட்டில் கிடக்கும். அந்தச் சூட்டை வெளியேற்ற ஃபேன் சுற்றவேண்டிய அவசியம்கூட இல்லை. அதனால், உண்மையிலேயே சும்மா இருக்கிற லேப்டாப் வெதுவெதுப்பாக இருக்கலாம், கொதிக்காது. கொதிக்கிறதென்றால் உள்ளே ஏதோ ஓடிக்கொண்டிருக்கிறது என்றே முதலில் எடுத்துக்கொள்ள வேண்டும். ஸ்க்ரூ டிரைவரைத் தேடுவது அதற்குப் பிறகு.

என்ன ஓடுகிறது என்று பார்க்க கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். அதில் சிபியு என்ற தலைப்பைத் தட்டினால் அதிகம் வேலை வாங்குகிற நிரல் மேலே ஏறி நிற்கும். இரண்டு நிமிடம் கைவைக்காமல் பாருங்கள். மொத்தம் ஐந்து சதவீதத்துக்குள் அடங்கினால் நிஜமாகவே ஓய்வு. முப்பது, ஐம்பது என்று நின்றால் மேலே இருக்கிற பெயர்தான் விசாரிக்க வேண்டிய ஆள். இன்னொரு பக்கத்தில் 'சிஸ்டம் ஐடில் பிராசஸ்' 95 என்று காட்டும். அதைக் கண்டு பயந்து நிறுத்தப் பார்க்கிறவர்கள் பலர். அந்த எண், பிராசசர் எவ்வளவு நேரம் வெறுமனே இருக்கிறது என்பதன் அளவு. அது அதிகமாக இருப்பது நல்லது.

தம்பிக்கு வியப்பாக இருந்த செய்தி அடுத்தது. நாம் கையை எடுத்த பிறகுதான் விண்டோஸ் சில வேலைகளைத் தொடங்கும். வைரஸ் சோதனை, ஃபைல்களைத் தேடுவதற்கான பட்டியல் தயாரிப்பு, அப்டேட்டை இறக்கிப் பொருத்துவது எல்லாம் நமக்கு இடைஞ்சல் இல்லாத நேரம் பார்த்து நடக்கும்படி அமைத்திருக்கிறார்கள். மவுஸை அசைத்தால் சில நின்றுவிடும். 'நான் ஒன்றும் செய்யாதபோதுதான் சுடுகிறது' என்பது பெரும்பாலும் இதனால்தான். பெரிய அப்டேட் வந்த மறுநாள் இது இயல்பு. மேசைமேல் வைத்து, சார்ஜரில் போட்டு, தூங்கவிடாமல் ஓர் இரவு விட்டுவிட்டால் முடித்துவிடும். மூன்று நாளாகியும் முடியவில்லை என்றால் வேறு காரணம் தேடலாம். ப்ரவுசரையும் கவனியுங்கள்: மூடிய பிறகும் பின்னணியில் ஓட அதற்கு அனுமதி இருக்கும், அதன் செட்டிங்கில் அணைத்துவிடலாம்.

நான் உண்மையாகவே அஞ்சுவது திருட்டுத்தனமாக ஓடும் நிரல்களுக்கு. 2017இல் வந்த காயின்ஹைவ் என்ற சேவை, இணையதளத்தைத் திறந்தவருடைய கணினியை வைத்து மொனீரோ என்ற மெய்நிகர் நாணயத்தைத் தோண்ட வழிசெய்தது. பல தளங்களில் பார்ப்பவருக்குத் தெரியாமலே அது ஓடியது. 2019 மார்ச்சில் அது மூடப்பட்டாலும் வித்தை ஒழியவில்லை. காசு கொடுக்காமல் இறக்கிய கிராக் மென்பொருளோடு இன்றும் வந்து உட்காரும். அதில் சில, டாஸ்க் மேனேஜரைத் திறந்தவுடன் ஒளிந்துகொள்ளும். இரைந்த ஃபேன் டாஸ்க் மேனேஜரைத் திறந்ததும் அடங்கி, மூடியதும் மறுபடி இரைந்தால் சந்தேகப்படுங்கள். விண்டோஸ் செக்யூரிட்டியில் ஆஃப்லைன் ஸ்கேன் என்று ஒன்று உண்டு. விண்டோஸ் எழுவதற்கு முன்பே தேடுவதால் ஒளிந்துகொள்வது கடினம்.

திருத்தம் வராத பழைய விண்டோஸில் இந்த ஆபத்து இன்னும் அதிகம். 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் வந்த பெட்டிகள் இந்தக் கரையோரக் கிராமங்களில் இன்னும் சில வீடுகளில் இருக்கும். விண்டோஸ் 7க்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் 2020 ஜனவரி 14ஓடும், விண்டோஸ் 10க்கான பொதுவான ஆதரவு 2025 அக்டோபர் 14ஓடும் முடிந்துவிட்டன. பழைய பெட்டியைத் தூக்கிப்போட வேண்டியதில்லை, இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ் ஒன்றைப் போட்டுக்கொள்ளலாம். திருத்தம் வராத விண்டோஸில் வங்கிக் கணக்கு மட்டும் பார்க்காதீர்கள்.

இவை எதுவும் இல்லை, சிபியு அடங்கித்தான் இருக்கிறது, ஆனாலும் சுடுகிறது என்றால் காற்றுப் போகும் வழிக்கு வருவோம். பக்கவாட்டிலோ பின்னாலோ காற்று வெளிவரும் துளை அருகே உள்ளங்கையைக் காட்டுங்கள். சூடான காற்று பலமாக வந்தால் ஃபேனும் வழியும் நன்றாக இருக்கின்றன. உள்ளே ஏதோ உழைக்கிறது, மறுபடி டாஸ்க் மேனேஜருக்குப் போங்கள். ஃபேன் இரைந்தும் காற்று மெலிதாக வந்தால், சூட்டைக் காற்றில் விடுகிற மெல்லிய தகடுகள் அடைத்திருக்கின்றன. காற்று பலமாகவும் குளிர்ச்சியாகவும் வந்து, அடிப்பாகம் மட்டும் கொதித்தால் பிராசசரின் சூடு தகடுவரை வந்து சேரவில்லை. நடுவில் பூசியிருக்கும் தெர்மல் பேஸ்ட் காய்ந்திருக்கும். சத்தமே இல்லையென்றால் உடனே ஃபேன் செத்தது என்று முடிவுகட்ட வேண்டாம். குறைந்த சூட்டில் பல லேப்டாப்களில் ஃபேன் சுற்றாது. சுடச்சுட இருந்தும் சுற்றவில்லை என்றால்தான் பழுது.

'திடீரென்று' என்ற சொல்லையும் கவனிக்க வேண்டும். தூசி ஒரே நாளில் சேர்வதில்லை. ஆனால் அடைப்பு கூடக்கூட ஃபேன் தன் வேகத்தைக் கூட்டிச் சமாளித்துக்கொண்டே வரும். அதன் எல்லை முடிகிற நாளில்தான் நமக்குத் தெரியவரும். அன்றைக்குப் பார்த்து ஒரு சாதாரண அப்டேட் ஓடினால் போதும். இரண்டும் சேர்ந்தே வருவதுதான் இந்தக் கரையில் அதிகம் என்பது என் கணிப்பு.

அதற்கு உப்பு ஒரு காரணம். அலை உடையும்போது சிதறும் நுண்துளிகள் காற்றிலேயே சுண்டி உப்புத் துகளாகி, கடற்காற்றோடு வீட்டுக்குள் வருகின்றன. தூத்துக்குடிக்கும் வேதாரண்யத்துக்கும் அடுத்து உப்பு விளையும் இந்த ஊரில், மழைக்காலத்தில் மூட்டை கசிந்து நீர் விடுவது எல்லாருக்கும் தெரியும். சுத்தமான சோடியம் குளோரைடு, காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் நீரை இழுத்துக் கரையத் தொடங்கும். உப்பு வாரிய பிறகு பாத்தியில் தங்கும் கசப்பு நீரில் மிகுந்திருக்கும் மெக்னீசியம் குளோரைடுக்கு 33 சதவீதமே போதும். கடலுப்பில் இரண்டும் கலந்திருப்பதால் அது சீக்கிரம் ஈரமாகிறது.

இப்போது லேப்டாப்புக்குள் நடப்பதைப் பாருங்கள். ஃபேன் இழுத்த உப்பும் தூசியும் தகடுகளில் படிகின்றன. அந்தத் தகடுகளுக்கு இடையில் ஒரு மில்லிமீட்டர் அளவே இடைவெளி. இரவில் அணைத்து வைத்தால் உப்பு நீரை இழுத்து, தூசியைச் சேறாக்குகிறது. பகலில் சூடு ஏறியதும் அது காய்ந்து பொருக்காக இறுகுகிறது. தினமும் இப்படி நனைந்து காய்ந்த படலத்தை வெறும் ஊதல் பெயர்க்காது. செம்பையும் அலுமினியத்தையும் அரிக்கிற வேலையும் கூடவே நடக்கும். ஆகவே உள்ளூர்க்காரர்கள் வருடத்துக்கு ஒருமுறையாவது, முடிந்தால் மழைக்காலத்துக்கு முன்பு, ஃபேனைக் கழற்றித் தூரிகையும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலும் கொண்டு சுத்தம் செய்யச் சொல்லுங்கள். அணைத்து ஆறிய பிறகு, மூடி இறுக்கமான டப்பாவில் சிலிக்கா ஜெல் பைகளோடு வைத்தால் இரவு ஈரம் அண்டாது. ஊதுகிற பிளோயரைப் பயன்படுத்தும்போது ஃபேன் இறக்கையை ஒரு குச்சியால் பிடித்துக்கொள்ள வேண்டும். தறிகெட்டுச் சுற்றினால் அதன் பேரிங் கெடும்.

மெத்தைமேலும் தலையணைமேலும் வைக்காதீர்கள், பெரும்பாலான லேப்டாப்கள் அடியிலிருந்துதான் காற்றை இழுக்கின்றன. அறை 38 டிகிரி என்றால் பிராசசர் அதற்கு மேல்தான் இருக்க முடியும். நம் கோடையில் சும்மா இருக்கும்போது 50, 55 காட்டினால் பதற வேண்டாம். கோர் டெம்ப் போன்ற இலவச நிரல் அந்த எண்ணைக் காட்டும். பல பிராசசர்கள் 100 டிகிரியை நெருங்கியதும் தாமாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், அதனால் கொஞ்ச நேரச் சூட்டில் எரிந்துபோகாது.

ஒன்றில் மட்டும் காத்திருக்கக் கூடாது. டச்பேட் மேலெழும்பியிருந்தாலோ, அடிமூடி உப்பி மேசையில் ஆடினாலோ பேட்டரி வீங்கியிருக்கிறது. சார்ஜரைப் பிடுங்கி, அணைத்துவிட்டு, பேட்டரியை மாற்றும்வரை திறக்காதீர்கள். குத்தவோ அழுத்தவோ வேண்டாம், தீப்பிடிக்கும். மூடியைச் சாத்தியதும் புதிய லேப்டாப்கள் முழுதாகத் தூங்குவதில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். நெட்டோடு தொடர்பை வைத்துக்கொண்டு அரைத்தூக்கத்தில் இருக்கும். அப்படியே பைக்குள் வைத்தால் சூடு போக வழியில்லை. பஸ் ஏறுவதற்கு முன் ஷட்டவுன் அல்லது ஹைபர்னேட் செய்யுங்கள்.

கடைக்குப் போகத்தான் வேண்டுமென்றால் 'சுடுகிறது' என்று மட்டும் சொல்லி நீட்டாதீர்கள். சும்மா இருக்கும்போது சிபியு எத்தனை சதவீதம், எத்தனை டிகிரி, காற்று பலமா மெலிதா, சூடா குளிர்ச்சியா என்று ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். கழற்றிய தகட்டையும் சுத்தம் செய்வதற்கு முன் காட்டச் சொல்லுங்கள். விண்டோஸை மறுபடி போட்டால் சரியாகும் என்று முதலிலேயே சொன்னால், எந்த நிரல் சிபியுவை எடுக்கிறது என்று அவரிடமே கேளுங்கள்.