பொன்மரத்துப் பட்டையும் படர்தாமரையும்

சீனத்தில் யாங்சி நதியின் கீழ்ப்பகுதியை அடுத்த மலைச்சாரல்களில், ஊசியிலை மரங்களின் வம்சத்தில் பிறந்திருந்தும் அவற்றின் குலவழக்கத்துக்கு மாறாக, இலையுதிர்காலம் வந்ததும் பொன்னாய்ப் பழுத்து இலைகளையெல்லாம் உதிர்த்துவிட்டு நிற்கும் விசித்திரமான மரம் ஒன்று உண்டு. அதன் பட்டைக்கு 'து ஜிங் பி' என்று பெயர். அதைச் சாராயத்திலோ காடியிலோ ஊறவைத்துப் படர்தாமரையின் மேல் பூசுவது அந்நாட்டு வைத்தியர்களின் வழக்கம்.

படர்தாமரையை உண்டாக்குவது பூஞ்சை. பட்டைதான் அதைக் கொல்லுகிறதா, அல்லது சாராயம் செய்த வேலையைப் பட்டையின் கணக்கில் எழுதிவிட்டோமா என்று அறியவே பரிசோதனை. கடற்பாசியிலிருந்து எடுத்த அகர்க் கூழில் சர்க்கரையும் சத்தும் கலந்து தட்டில் உறையவிட்டு, அதன்மேல் பூஞ்சையைச் சீராகத் தடவி, மூலிகைச் சாற்றில் நனைத்த சட்டைப் பொத்தானளவு காகித வில்லையை நடுவே வைத்துவிட்டால், சாற்றுக்குச் சக்தி இருக்குமாயின், சில தினங்களில் வில்லையைச் சுற்றிப் பூஞ்சை படராத வளையம் ஒன்று தெளிந்து நிற்கும். மனோகரமான காட்சிதான், ஆனால் அதை முழுதும் நம்பினால் மோசம் போவோம். நீரில் கரையாத பொருள், எத்தனை வீரியமுள்ளதாயினும், கூழில் ஊர்ந்து செல்லமாட்டாமல் சின்ன வளையமே காட்டும். வெறும் சாராயத்தில் நனைத்த வில்லை ஒன்றையும் பக்கத்தில் வைக்காத பரிசோதனையோ, பரிசோதனையே அல்ல.

ஆகையால் நிபுணர்கள் 96 சிறு குழிகள் கொண்ட தட்டை நாடுகிறார்கள். குழிக்குக் குழி மருந்தைச் சரிபாதியாகக் குறைத்துக்கொண்டே போய், எல்லாவற்றிலும் ஒரே அளவு பூஞ்சையை விட்டு, 35 டிகிரிச் சூட்டில் சில நாள் வைத்திருந்து, பின் தட்டைத் தூக்கி அடியிலிருந்து அண்ணாந்து பார்த்தால், முதல் சில குழிகள் தெளிந்திருக்க, அடுத்ததில் வெள்ளைப் பொட்டொன்று படிந்திருக்கும். அதற்கு முந்திய குழியில் உள்ளதே பூஞ்சையைத் தடுக்கும் குறைந்தபட்ச அளவு. 'ஹுவாங்லியன்' என்னும் சீன மூலிகை வேரின் சாறு தன் மஞ்சள் நிறத்தாலேயே இங்கும் கண்ணை ஏமாற்றப் பார்க்கும். நம் மரமஞ்சளிலும் உள்ள பெர்பெரின்தான் அந்த மஞ்சள். புளூகோனசோல் மருந்துக்கு மசியாத காண்டிடாப் பூஞ்சைகளின்மேல் ஷாங்காய் ஆராய்ச்சியாளர்கள் பெர்பெரினையும் அந்த மருந்தையும் சேர்த்துப் பிரயோகித்து, தனித்தனியே இயலாதது கூட்டாக இயலுவதை 2006-ல் வெளியிட்டார்கள்.

கொல்வது பெரிதல்ல, பாக்டீரியாவைக் காட்டிலும் பூஞ்சை நமக்கு நெருங்கிய பந்து என்பதே சங்கடம். பொன்மரத்துப் பட்டையின் வீரியமான சூடோலாரிக் அமிலம், மனித உயிரணு இரண்டாகப் பிரிவதற்கு வேண்டிய நுண்குழல்களையும் சிதைத்துவிடுகிறது. நுண்குழலைக் கண்டறியாத அந்தப் பழைய வைத்தியர்கள் பட்டையை உள்ளுக்குக் கொடுக்காமல் பூச்சோடு நிறுத்திக்கொண்டார்கள். சீன அரசின் மருந்துநூலும் இன்றுவரை அதை வெளிப்பூச்சாகவே விதிக்கிறது.