வேலை கிடைத்தது... எப்போது, எங்கே என்றுதான் யாரும் சொல்லவில்லை!

பெரிய விளையாட்டுத் திருவிழா என்றால் நம் கண்கள் மைதானத்தின் நடுவில்தான் இருக்கும். வாசலில் நம் பையைத் திறந்து பார்த்து, உள்ளே அனுப்பும் காவலாளியின் முகம் யாருக்காவது நினைவிருக்குமா? அவர்களில் பலருக்கு அது சில வார வேலைதான். அந்தச் சில வார வேலைக்காரர்கள் ஒருமுறை ஒரு நாட்டையே பதறவைத்தார்கள். ஆனால், தவறு அவர்களுடையதல்ல!

2,000 பேர், 10,400 ஆனார்கள்

2012 லண்டன் ஒலிம்பிக். மைதானங்களின் பாதுகாப்புக்கு ஆள் தரும் ஒப்பந்தம் 'ஜி4எஸ்' என்ற தனியார் நிறுவனத்துக்குக் கிடைத்தது. முதலில் பேசிய கணக்கு 2,000 பேர். திட்டமிடத் திட்டமிட, அது போதாது என்று தெரிந்தது. 2011 டிசம்பரில் எண்ணிக்கை 10,400 ஆக உயர்ந்தது. ஒப்பந்தத் தொகையும் 28 கோடி பவுண்டைத் தாண்டியது. போட்டி தொடங்க மீதமிருந்தது சுமார் ஏழு மாதங்கள்தான்.

அப்போது பிரிட்டனில் பத்து லட்சம் இளைஞர்கள் வேலையில்லாமல் இருந்த நேரம். கல்லூரி மாணவர்கள், வேலை தேடிக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் ஆசையாக விண்ணப்பித்தார்கள். கையில் கொஞ்சம் பணம், 'ஒலிம்பிக்கில் வேலை பார்த்தேன்' என்று சொல்லிக்கொள்ளும் பெருமை. யாருக்குத்தான் ஆசை வராது?

காத்திருப்பு... காத்திருப்பு...

காவலாளி வேலைதானே என்று நினைத்துவிடக் கூடாது. நேர்முகத் தேர்வு, பின்னணி விசாரணை, பயிற்சி, அரசு உரிமம், ஒலிம்பிக் அடையாள அட்டை, சீருடை, கடைசியாக வேலை நேர அட்டவணை. இதில் ஒன்று தவறினாலும் வாசலில் நிற்க முடியாது.

சிக்கியது அங்கேதான். பயிற்சியை முடித்துவிட்டு வாரக்கணக்கில் காத்திருந்ததாகப் பலர் பத்திரிகைகளிடம் புலம்பினார்கள். சீருடை வரவில்லை என்றார்கள் சிலர். எந்த மைதானம், எத்தனை மணிக்கு என்று யாரும் சொல்லவில்லை என்றார்கள் சிலர். இதை நம்பி வேறு வேலைக்கும் போகாமல் இருந்தவர்களின் நிலையை யோசித்துப் பாருங்கள்!

ஆள் வேண்டும் என்று நிறுவனம் தவிக்கிறது. வேலை வேண்டும் என்று ஆட்கள் வீட்டில் உட்கார்ந்திருக்கிறார்கள். இரண்டுக்கும் நடுவில் பாலம்தான் இல்லை.

ராணுவம் வந்தது

தொடக்க விழா ஜூலை 27. அதற்கு இரண்டு வாரங்கள் இருக்கும்போதுதான், போதிய ஆட்களைத் தர முடியாது என்ற உண்மை வெளியே வந்தது. அரசு அவசரமாக 3,500 ராணுவ வீரர்களைக் கூடுதலாக இறக்கியது. பிறகு இன்னும் 1,200 பேர். மொத்தத்தில் 18,200 ராணுவத்தினர் ஒலிம்பிக் பணியில் இருந்தார்கள். விடுமுறையை விட்டுவிட்டு வந்தவர்களும் அதில் உண்டு.

ஜூலை 17 அன்று நாடாளுமன்றக் குழு முன் நின்ற நிறுவனத் தலைவர் நிக் பக்கிள்ஸ், இது அவமானகரமான குளறுபடிதான் என்று ஒப்புக்கொண்டார். பின்னர் நடந்த ஆய்வு, ஆட்களின் விவரங்களைக் கண்காணித்த முறையே சரியில்லை என்று சொன்னது. உயரதிகாரிகள் இருவர் பதவி விலகினார்கள்.

வந்து நின்றவர்களோ தங்கள் வேலையை ஒழுங்காகச் செய்தார்கள். பெரிய அசம்பாவிதம் ஏதும் இல்லாமல் போட்டிகள் முடிந்தன.

தண்டனை யாருக்கு?

2018-ல் தென்கொரியாவின் பியோங்சாங் குளிர்கால ஒலிம்பிக்கில் வேறு விதச் சோதனை. போட்டி தொடங்கும் முன்பே காவலாளிகளிடையே நோரோவைரஸ் பரவி, வாந்தியும் வயிற்றுப்போக்கும் வந்தது. 1,200 பேரைப் பணியிலிருந்து விலக்கி வைத்தார்கள். அங்கும் 900 ராணுவத்தினர்தான் கைகொடுத்தார்கள்.

ஒப்பந்தம் கோடிகளில் இருக்கலாம். ஆனால், வாசலில் நிற்பவருக்குத் தேவை சின்னச் சின்ன விஷயங்கள்தான்: எப்போது வர வேண்டும், எங்கே தங்க வேண்டும், என்ன சாப்பிட வேண்டும், சம்பளம் எப்போது வரும். உங்கள் வீட்டுப் பிள்ளை இப்படி ஒரு தற்காலிக வேலைக்குக் கிளம்பினால், இந்த நான்கையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள். பயிற்சி நாள்களுக்குச் சம்பளம் உண்டா என்பதையும் சேர்த்துக் கேட்கட்டும்.

அடுத்த முறை மைதான வாசலில் உங்கள் பையைச் சோதிப்பவரிடம் ஒரு 'நன்றி' சொல்லிவிட்டு உள்ளே போங்கள். அவர் அங்கே வந்து நிற்பதற்குள் எத்தனை வாசல்களைத் தாண்டியிருப்பாரோ!