தீவகமும் புலனிழந்த சிறார் கல்வியும்

கட்புலனோ செவிப்புலனோ இழந்த பிள்ளைக்குக் கல்வியளித்தல் அரசின் கடமையா, அறம் புரிவோரின் கருணையா என்னும் வினாவுக்கு இலங்கை இரண்டையும் கலந்தே விடை கண்டது. இத்துறையில் முதற்பள்ளி 1912ஆம் ஆண்டில் மேரி சப்மன் என்னும் கிறித்தவத் தொண்டரால் தொடங்கப்பெற்றது. இன்று இரத்மலானையில் உள்ளது. யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளுக்கோ 1950களில் கைதடியில் நவீல்ட் பாடசாலை எழுந்த பின்னரே அவ்வாய்ப்பு அண்மையிற் கிட்டியது. 1960, 1961ஆம் ஆண்டுச் சட்டங்களால் உதவிபெறும் பாடசாலைகளை அரசு பெரும்பாலும் ஏற்றபோது, இத்தகைய பள்ளிகள் தொண்டு நிறுவனங்களிடமே விடப்பட்டன. ஆசிரியர் வேதனம் அரசினது. நிருவாகமும் விடுதியும் நடத்துவோர் பொறுப்பு.

இவ்வேற்பாடு தீவகத்துக்கு எவ்வளவு எட்டுகின்றது? ஊர்காவற்றுறை தாம்போதியால் நகரோடு இணைந்தது. நயினாதீவும் நெடுந்தீவும் இன்றும் படகையே நம்புவன. நெடுந்தீவிலிருந்து குறிகட்டுவான் வரை ஏறத்தாழ ஒரு மணி நேரக் கடற்பயணம். பின்னர் புங்குடுதீவு, வேலணை, பண்ணை கடந்து நகரம். அதற்கும் அப்பாலே கைதடி. சோளகம் வீசுங் காலத்திற் படகேறுதலும் எளிதன்று. ஆதலின் தீவுப் பிள்ளைக்கு விடுதி வாழ்வே வழி. இளவயதில் தாயைப் பிரிதல் அதற்குரிய விலை.

அவ்விலை இருவகைப் பிள்ளைகளுக்கும் ஒன்றன்று. கட்புலனிழந்த குழந்தை தாயின் பேச்சைக் கேட்டே மொழி பெற்றுவிடுகின்றது. ஆறு புள்ளிகளாலான பிரெயில் எழுத்தைக் கற்றபின், அதனையறிந்த ஆசிரியரொருவர் துணையிருப்பின் ஊர்ப் பள்ளியிலேயே அது தொடர்ந்து கற்கலாம். 1960களின் இறுதியில் இங்குத் தொடங்கிய ஒன்றிணைந்த கல்வி முறையின் கருத்தும் இதுவே. பிறவியிலே செவிப்புலன் இழந்த குழந்தையின் நிலை வேறு. மொழி வேரூன்றும் முதல் ஐந்தாண்டுகள் அதற்கு வாளா கழிகின்றன. பள்ளியிற் சைகைமொழி கற்று விடுமுறையில் தீவுக்கு மீளும்போது, வீட்டில் அம்மொழி அறிந்தார் இலராயின், கற்ற பிள்ளை தன் வீட்டிலேயே விருந்தாளியாகிவிடுகின்றது. அடுப்படியில் தாய் கூறுங் கதை அதற்கு எட்டுவதில்லை.

1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம், வலுவிழந்தோரைக் கல்வி நிறுவனங்களிற் சேர்ப்பதிற் பாகுபாடு கூடாதென விதித்தது. 1997ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி விதிகள் ஐந்து வயதிலிருந்தே தொடங்குகின்றன. செவிப்புலனிழந்த பிள்ளைக்கோ அது காலங்கடந்த தொடக்கம். தீவுகளுக்கு நாள்தோறும் படகேறும் ஆசிரியர் பலர். அவர்களுள் ஒருவரேனும் சைகைமொழி வல்லவராய், கிழமைக்கொருமுறை வீடு சென்று தாய்க்கும் உடன்பிறந்தார்க்கும் அதனைக் கற்பிப்பாராயின், பிள்ளை கைதடிக்குப் புறப்படுமுன்னரே வீட்டிற் பேச்சுத் தொடங்கியிருக்கும். அதற்கு வேண்டுவது ஓராசிரியர் வேதனமும் படகுச் செலவுமே.